சுவரை விட்டிறங்கும் சித்திரங்கள்

தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர் சிலர் அண்மைக்காலமாக இப்பக்கத்துக்கு எழுதிவரும் கடிதங்களில் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. கதை எழுதுக என்று கொப்பியைக் கொடுத்தால் பிள்ளைகள் நாம் எதிர்பார்க்கும் கதையை எழுதுகின்றார்களில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஓடித்திரியும் பூனையையும் எலியையும் குரங்கையும் முயலையும் வெளியே இறக்கிக் கொண்டுவந்து லயத்து வாசலில் விட்டுவிடுகின்றனர். பின்னர் அவற்றோடு தாமுஞ் சேர்ந்து மலையேறுகின்றனர், ஆறு தாண்டுகின்றனர், கள்வரைத் துரத்துகின்றனர். இஃது இலக்கியமாகுமா என்பது அவர்கள் வினா. மலையக எழுத்தின் வருங்காலம் கார்ட்டூன் பொம்மைகளின் கையிற் சிக்கிவிட்டதே என்று அன்பர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கின்றார்.

அத்தகைய கதைகள் பலவற்றை நான் வாசித்தவன். மாணவர் பகுதிக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை இப்போது இவ்வகையினவே. ஆதலின் இவ்வாரம் இதுபற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றேன். என் கட்சி பிள்ளைகளின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

உயிரற்ற உருவமொன்று உயிர்பெற்று மனிதரோடு உறவாடுவதென்பது மேனாட்டார் வந்து நமக்குக் கற்றுத்தந்த வித்தையன்று. மணிமேகலையைப் படித்தோர் கந்திற்பாவையை மறந்திருக்கமாட்டார்கள். புகார் நகரத்துச் சக்கரவாளக் கோட்டத்திலே தூணொன்றிற் பொருந்திய பாவை அது. உதயகுமாரன் வெட்டுண்டு கிடக்க, மணிமேகலை ஆற்றாது புலம்பும் வேளையில் அவளைத் தடுத்து நிறுத்தி, முற்பிறப்பையும் இனி வருவதையும் எடுத்துரைப்பது அந்தப் பாவைதான். காவியத்தின் திருப்பமே ஒரு தூணின் வாயிலிருந்து வருகின்றது. சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை இன்னும் ஒருபடி மேலே சென்று, அசைந்தும் நகைத்தும் கண்டாரை மயக்கியது. விக்கிரமாதித்தன் கதையிலோ போஜராசன் சிங்காதனத்தில் ஏறக் கால் எடுத்துவைக்கும்போதெல்லாம் படிக்கு ஒரு பதுமையாக முப்பத்திரண்டு பதுமைகளும் அவனை மறித்துக் கதை சொல்கின்றன. அரசனுக்கே ஆசனத்தை மறுக்கும் அதிகாரம் பொம்மைகளுக்கு இருந்த நாடு இது!

இவையெல்லாவற்றிலும் எனக்கு மிக உகந்தது உஷையின் கதை. கனவிற் கண்ட காளையை இன்னான் என்று அறியாது அவள் வாடியபோது, தோழி சித்திரலேகை தூரிகையைக் கையிலெடுத்துத் தேவரையும் மன்னரையும் ஒவ்வொருவராக வரைந்து காட்டுகின்றாள். அநிருத்தனின் உருவம் வந்ததும் உஷை நாணித் தலைகுனிகின்றாள். அன்றிரவே துவாரகையிலிருந்து அவன் கட்டிலோடு தூக்கிவரப்படுகின்றான். திரையிலிருந்த உருவம் அறைக்குள் வந்துவிட்டது. பின்னர் நிகழும் போரும் சிறையும் மீட்பும் எந்த வீரசாகசக் கதைக்கும் குறைந்தனவல்ல.

மேனாட்டில் இக்கலை இயந்திரத்தின் துணையோடு வளர்ந்தது. 1914ஆம் ஆண்டில் வின்சர் மக்கே என்ற அமெரிக்க ஓவியர், தாம் வரைந்த ஜேர்ட்டி என்னும் தொன்மைக் காலத்து விலங்கைத் திரையில் ஓடவிட்டு, தாம் மேடையில் நின்றுகொண்டு அதற்குக் கட்டளையிட்டார். அது தலை வணங்கிற்று, முரண்டு பிடித்தது, கண்டித்தபோது அழுதது. ஈற்றில் மக்கே திரையின் பின்னாற் சென்று மறைய, மறுகணம் சித்திரமாக மாறிய மக்கே திரைக்குள்ளே தோன்றி அதன் மீதேறிச் செல்வார். சில ஆண்டுகளின் பின்னர் பிளீஷர் சகோதரர்கள் மைக்கூட்டிலிருந்து ஒரு கோமாளியை எழுப்பினர். அவன் தன்னை வரைந்தவரையே அலைக்கழித்துவிட்டு மீண்டும் மைக்கூட்டுக்குள் இறங்கிவிடுவான். 1945இல் ஜீன் கெல்லி என்ற நடிகர் ஜெரி எலியோடு கைகோத்து நடனமாடினார். 1964இல் வந்த மேரி பொப்பின்ஸ் படத்தில் மனிதரே நடைபாதையிற் சுண்ணக்கட்டியால் வரைந்த சித்திரத்துக்குள் குதித்தனர்.

ஆயினும் இவ்வரிசையில் நம் மலைநாட்டு வாசகர் ஊன்றிப் பார்க்கவேண்டியது 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ரோஜர் முயலின் கதையே. கேரி வுல்ஃப் என்பவர் 1981இல் எழுதிய நாவலொன்றைத் தழுவி ரொபர்ட் செமெக்கிஸ் இயக்கிய படம் அது. சிரித்து மகிழ்வதற்கென்று எடுக்கப்பட்ட துப்பறியுங் கதை என்றே பலரும் அதனை எண்ணுவர். நான் அதனை இரண்டாம் முறை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அப்படத்திற் கார்ட்டூன் மாந்தர் ஒரு தொழிலாளர் கூட்டம். மனிதரை மகிழ்விப்பது அவர்கள் வேலை. நகருக்குப் புறத்தே, சுரங்கமொன்றைத் தாண்டி, அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு உண்டு. இரவு விடுதியின் மேடையில் அவர்கள் ஆடலாம், வாத்தியம் வாசிக்கலாம், மதுக்கிண்ணம் ஏந்திப் பரிமாறலாம். வாடிக்கையாளராக ஒரு நாற்காலியில் உட்கார இயலாது. பறக்கும் யானைக்குட்டிக்குக் கூலி எவ்வளவு என்றால் வேர்க்கடலைதான் என்று படமுதலாளி பகடி பேசுகின்றார். நீதிபதி வேடத்தில் வரும் கொடியவன் ஒருவன் அக்குடியிருப்பை அழித்து அந்த நிலத்தில் நெடுஞ்சாலை போடத் திட்டமிடுகின்றான். கதையின் முடிச்சு எதில் அவிழ்கின்றது தெரியுமா? அந்தக் குடியிருப்பு அங்கு வாழ்வோருக்கே உரியது என்று எழுதிவைத்த உறுதிப் பத்திரத்தில்.

தனிக் குடியிருப்பு, பிறருக்காக உழைப்பு, கேலிக்குரிய கூலி, காணி உறுதி: இச்சொற்களை நுவரெலியாவிலும் அட்டனிலும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஹொலிவூட்காரர் நம்மை நினைத்து எடுத்த படமன்று அது. நம்மைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருப்பதே ஐயம். எனினும் நேரே சொன்னால் அவையோர் முகஞ்சுளிக்கக்கூடிய ஒரு செய்தியை ஒரு முயலின் வாயிலாகச் சொன்னபோது உலகமே காசு கொடுத்துக் கேட்டது. இக்கலையின் வலிமை இதுதான் என்று கருதுகின்றேன்.

தமிழ்ப் படவுலகம் அடுத்த ஆண்டே, 1989இல், ‘ராஜா சின்ன ரோஜா’வில் இதனை முயன்று பார்த்தது. ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பில், எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு காட்டிலே ஆடிப்பாடும் அக்காட்சியை அந்நாளிற் பார்த்த சிறுவர் எவரும் மறந்திரார். அருமையான உழைப்பு. ஆனால் பாட்டு முடிந்ததும் விலங்குகளும் போய்விட்டன. கதையில் அவற்றுக்கு வேலை இல்லை. அவை வந்ததனால் எவர் வாழ்விலும் ஒன்றும் மாறவில்லை. விருந்தாளியாக வந்து போவது வேறு, ஊரிற் குடியேறுவது வேறு.

குடியேற்றம் என்றதும் இன்னொரு முயல் நினைவுக்கு வருகின்றது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னர், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படத்துக்குத் தொகுப்பாளராக விளங்கிய டைட்டஸ் தொட்டவத்த, அங்கே வேற்றுமொழிக் கார்ட்டூன்களைச் சிங்களமாக்கும் பணியை மேற்கொண்டார். மொழிபெயர்ப்பு என்று அதனைச் சொல்வது பொருந்தாது. அமெரிக்க முயலாகிய பக்ஸ் பனி அவர் கையில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆயிற்று. கிராமத்துச் சிங்களமும் கிராமத்துக் குறும்பும் அதன் நாவில் ஏறின. டொக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித’ ஆனார். ஒரு மொழியின் கலைஞன் மனம் வைத்தால் அந்நிய உருவமொன்று ஒரே மாலைப்பொழுதில் அந்த மண்ணின் பிள்ளையாகிவிடும் என்பதற்கு அவர் பணியே சான்று. தோட்டத்துப் பிள்ளைகளும் அந்த முயலைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களே. பலர் சிங்களம் பழகியதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் நான் இதனை நினைக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் இடறும். முயலுக்கு நாட்டுரிமை கிடைக்க ஒரு மாலை போதுமாயிருந்தது. அந்தப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த பிள்ளைகளின் பாட்டனார் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இழந்த உரிமை, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்டு, எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தது.

இன்று லயக் கூரைகளின் மேல் வரிசையாக நிற்கும் தட்டு அன்டெனாக்களின் வழியே தமிழ் பேசும் கார்ட்டூன்களும் இறங்கிவிட்டன. டோரா என்னும் சிறுமியும் அவள் தோழனாகிய குரங்கும் நம் பிள்ளைகளுக்கு அண்டைவீட்டார் போல. அக்குரங்கின் மூலப் பெயர் வேறு. தமிழில் அது புஜ்ஜி. டோரா திரையின் இப்பக்கம் நோக்கி வழி கேட்பாள். கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பாள். பிள்ளை கைநீட்டி வழி காட்டும். தன்னிடம் வழி கேட்டவளைத் தன் கதைக்குள் வரவழைத்து ஒரு பிள்ளை தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால், அதனை அறியாமை என்போமா, விருந்தோம்பல் என்போமா?

ஆசிரியர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யைப் புவியியற் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர் பலர் இன்று தலையில் நரையோடு வகுப்பறையில் நிற்கின்றனர். மின்சாரம் தாக்கியதும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அம்மனிதனால் அவர்கள் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமனும் அவன் தோளிற் கிடந்த வேதாளமும் அதற்கும் முந்திய தலைமுறையின் துணைவர்கள்.

இனி, நம் மண்ணிலேயே உள்ள ஒன்றைச் சொல்லவேண்டும். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் ஊன்றுகின்றார்கள். காலையிற் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனவர், மாலையில் அரிதாரம் பூசி மன்மதனாக வருகின்றார். மீசையை மழித்த இளைஞர் ரதியாகின்றார். தப்பொலி எழ, தூதன் வருகின்றான், வீரபத்திரன் ஆவேசத்தோடு வருகின்றான், யமனும் வருகின்றான். இவர்கள் மேடையில் நிற்பவரல்லர். லயத்து வாசலுக்கு வருவார்கள், பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுவர், கிழவிகள் கும்பிடுவர். மன்மதன் எரியுண்டு ரதி ஒப்பாரி வைக்கும்போது பார்த்துநிற்கும் பெண்களின் அழுகை நடிப்பன்று என்பதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். புராண உருவங்களும் தோட்டத்து மனிதரும் ஒரே பொட்டலில் ஒரே இரவில் கலந்து வாழும் கூத்து அது. அதன் நடுவே வளரும் பிள்ளைக்கு எலியொன்று பெட்டியை விட்டு இறங்குவது என்ன விந்தை? மேலும், எரிந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், உடலின்றி இருப்பான் என்பது கதை. உடலில்லாதவன் உறவாடும் விதிகள் அப்பிள்ளைக்கு முன்பே தெரியும்.

விதி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். இவ்வகைக் கதைகளில் நல்லதையும் வெறும் கூச்சலையும் பிரிப்பது அதுவே. சித்திரம் மலையிலிருந்து விழுந்தால் தட்டையாகி எழும். மனிதன் விழுந்தால் எலும்பு முறியும். இரு உலகங்களுக்கும் இரு நியதிகள். அவை மோதுமிடத்திற் கதை பிறக்கின்றது. வந்த உருவம் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்றால் அங்கே ஆபத்துமில்லை, சாகசமுமில்லை. பிள்ளைகளின் கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேதான் வழுக்குகின்றன. தொலைக்காட்சியிற் கண்ட துரத்தலை அப்படியே எழுதிவிட்டு ‘சுபம்’ போடுகின்றன. அவற்றைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஏழாம் தரத்து மாணவி ஒருத்தி அனுப்பிய கதையைக் கேளுங்கள். மின்வெட்டு நேரும் கணத்தில் கார்ட்டூன் எலியொன்று பெட்டிக்கு வெளியே அகப்பட்டுக்கொள்கின்றது. மின்சாரம் திரும்பும்வரை உள்ளே போகமுடியாது. சிறுமி அதனைத் தன் தாயின் கொழுந்துக் கூடையில் வைத்து மடுவத்துக்குக் கொண்டுபோகின்றாள். அன்று மழை, ஈரக் கொழுந்து. தண்ணீருக்கென்றும் படங்குக்கென்றும் கிலோக் கணக்கிற் கழிக்கப்படுகின்றது. இன்னும் சற்று நிறை குறைந்தால் தாய்க்கு அரைப்பேர்தான். எலி தராசில் ஏறிக் குந்துகின்றது, முள் அசையவில்லை. ஏனென்றால் அது சித்திரம், சித்திரத்துக்கு நிறையில்லை! திகைத்த எலி பின்னர் யோசித்து, தராசின் முள்ளிலேயே தொற்றி அதனைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றது. தாய்க்கு முழுப்பேர். அதற்குள் மின்சாரம் வந்துவிடுகின்றது. போகும்போது, கடிதம் எழுதுகின்றேன், விலாசம் சொல் என்று எலி கேட்கின்றது. சிறுமிக்கு விலாசம் சொல்லத் தெரியவில்லை. லயத்துக் காம்பராவுக்கு இலக்கமில்லை, தெருவுக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புகின்றாள். கடிதம் இன்னும் வரவில்லை என்று கதை முடிகின்றது.

அந்தக் கொப்பியின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையால் ‘நேர்மையற்ற செயல்’ என்று குறித்திருந்தார்கள். தராசு முள்ளைத் தள்ளியதற்காக எலிக்குக் கிடைத்த தீர்ப்பு அது. கழிக்கப்பட்ட கிலோக்களின் பக்கத்தில் அவ்வாறான குறிப்பு எதுவும் காணப்படவில்லை.

மலையக இலக்கியம் யதார்த்தத்தின் வழிவந்தது. வேறு வழி அதற்கு இருக்கவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதைகளும், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும் நம்மைப் பிறர் பார்க்கச் செய்தன, நம்மை நாமே பார்க்கச் செய்தன. அந்தப் பாதையைக் கைவிடுமாறு நான் சொல்வேனா? ஆனால் அவையெல்லாம் பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதியவை. அவற்றில் வரும் சிறுவர் பட்டினி கிடக்கின்றனர், தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமக்கின்றனர், பள்ளியை விட்டு விலகுகின்றனர். உண்மைதான். ஆயின், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னை எப்போதும் இரக்கத்துக்குரியவளாக மட்டுமே புத்தகத்திற் சந்திப்பதும் ஒரு வறுமை. மறுபுறம், சாகசம் என்றால் அது நியூயோர்க்கிலோ சென்னையிலோ நிகழ்வது; நாயகன் வேறெங்கோ பிறந்தவன். இரண்டுக்கும் நடுவில் அச்சிறுமி தன் தோட்டத்திலேயே, தன் தாயின் கூலிக்காகவே, ஒரு சாகசத்தை நிகழ்த்தியிருக்கின்றாள். யதார்த்தத்தை விட்டு அவள் தப்பியோடினாள் என்று எவரேனும் சொல்வாராயின் அவர் மடுவத்தைப் பார்த்திராதவர்.

சாகசத்துக்கு ஏற்ற இடங்கள் நம்மிடம் இல்லையா? மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த கோவில் இன்றும் வெளியே தெரிகின்றது; சனங்கள் போய்ப் பார்த்து வருகின்றனர். நீரடியில் ஒரு நகரம்! வேறு நாட்டு எழுத்தாளருக்கு இது வாய்த்திருந்தால் பத்து நாவல் எழுதியிருப்பார். அட்டனை நெருங்கும் ரயில் புகுந்து வெளிவரும் சிங்கமலைச் சுரங்கம் இருக்கின்றது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த முப்பாட்டன்மாரின் பயணம் இருக்கின்றது. அதனைவிடப் பெரிய சாகசத்தை எந்தச் சித்திரக்கதையிலும் நான் படித்ததில்லை. சிறுத்தையும் கொள்ளைநோயும் நிறைந்த அந்தப் பாதையில் ஒரு பிள்ளை தன் எலியையும் கூட்டிச்சென்றால், பாதி வழியில் அது என்ன பேசும் என்று அறிய எனக்கு ஆவல்.

ஆகவே ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கதைகளைக் கிழித்தெறியாது இவ்வலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மாதம் முதல் மாணவர் பகுதியில் வாரம் ஒரு கதையாக வெளியிட எண்ணியுள்ளோம். மஸ்கெலியா மாணவியின் கதை முதலில் வரும். முழுத்தாளில் நான்கு பக்கத்துக்கு மேற்படாதிருத்தல் நலம். எழுத்துப் பிழைகளை நாம் திருத்திக்கொள்வோம். முயலுக்கும் எலிக்கும் புஜ்ஜிக்கும் பிள்ளைகள் என்ன பேச்சைக் கொடுத்திருந்தாலும், அது லயத்துப் பேச்சேயாயினும், அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டோம். அனுப்புவோர் வீட்டு விலாசம் எழுத இயலாவிடின் தோட்டத்தின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதினாற் போதும். பிரதி அங்கே வந்து சேரும்.